மானுக்காக வில்லைத் துறந்தவர்

காசுமீரத்து இரஜௌரியில் 1670ஆம் ஆண்டு பிறந்த லட்சுமண தேவ், இளமையில் வேட்டையில் பெருவிருப்புடையவர். ஒருநாள் அவர் எய்த அம்பில் பெண்மான் ஒன்று வீழ்ந்தது. வயிற்றைப் பிளந்தபோது இரு குட்டிகள் கண்முன்னே துடித்து இறந்தன என்பர். வில்லை எறிந்து துறவு பூண்டு மாதோ தாஸ் ஆனார். கோதாவரிக் கரையிலுள்ள நாந்தேட்டில் மடம் அமைத்து வாழ்ந்தார்.

1708இல் குரு கோவிந்த் சிங் அங்கு வந்தார். சர்ஹிந்து நகரை ஆண்ட முகலாய அதிகாரி வசீர் கான், குருவின் இளம்புதல்வர் இருவரைக் கொல்வித்திருந்தான். (அப்பிள்ளைகளின் ஈமக்கடனுக்கான நிலத்தைப் பொற்காசு பரப்பி விலைக்கு வாங்கிய வணிகர் தோடர்மல் சமணர் என்பது வழிவழி வரும் செய்தி.) துறவி பந்தா சிங் ஆனார். குரு அளித்த ஐந்து அம்புகளுடன் பஞ்சாபுக்குப் புறப்பட்டார். கொல்லாமையைப் போற்றுவோர் நெஞ்சில் இவ்வரலாறு உறுத்தும் இடம் இதுவே.

1710 மே 12ஆம் நாள், இன்றைய மொகாலியை அடுத்த சப்பர் சிரியில் போர் மூண்டது. வசீர் கானிடம் பீரங்கிகளும் யானைகளும் இருந்தன. பந்தாவிடம் பீரங்கி இல்லை. உடன் நின்றோருள் மிகப்பலர் உழவர். கொள்ளைப் பொருளை நச்சிச் சேர்ந்திருந்த கூட்டமோ முதல் வெடியோசையிலேயே சிதறியது. படை தளர்வதைக் கண்ட பந்தா தாமே களம் புகுந்தார். வசீர் கான் வீழ்ந்தான். இரண்டே நாளில் சர்ஹிந்து கைப்பட்டது. அந்நகரில் நிகழ்ந்த கொலையும் கொள்ளையும் மறைக்கத்தக்கன அல்ல. பிள்ளைகளைக் கொல்லலாகாது என அன்று மறுத்துரைத்த நவாபின் மலேர்கோட்லா மட்டும் தீண்டப்படாது விடப்பட்டது என்பர்.

வென்ற நிலத்தில் ஜமீன்தாரி முறையை ஒழித்து, உழுதவர்க்கே நிலத்தை உரிமையாக்கினார். நாணயங்களில் குருமார் பெயரைப் பொறித்தாரேயன்றித் தம் பெயரைப் பொறிக்கவில்லை. வாளினும் இச்செயல்களே அவர் பெருமைக்குச் சான்று.

1715இல் குர்தாஸ் நங்கலில் எட்டுத் திங்கள் முற்றுகை. உணவு அற்றது, இலையும் மரப்பட்டையும் தின்று தாங்கினர். டிசம்பரில் பிடிபட்ட பந்தாவை இரும்புக் கூண்டில் அடைத்துத் தில்லிக்குக் கொண்டு சென்றனர். அங்கு நாள்தோறும் நூறு வீரர் தலையிழந்தனர். மதம் மாறினால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையிலும் எவரும் மாறவில்லை என்பதை, அப்போது தில்லியிலிருந்த ஆங்கிலக் கம்பெனித் தூதர்களே எழுதி அனுப்பினர்.

1716 ஜூன் 9ஆம் நாள் அவர் முறை வந்தது. நான்கு வயது மகன் அஜய் சிங்கை மடியில் இருத்தி, கையில் கத்தியைக் கொடுத்து, கொல்லுமாறு ஏவினர். பந்தா மறுத்துவிட்டார். பிள்ளையைக் கொலைஞரே அவர் கண்முன் கொன்றனர். பின்னர் அவரையும் கொன்றனர்.