ஜவுளி வணிகர் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்)

பின்னலாடை நகராம் திருப்பூரில் 1925ஆம் ஆண்டில் பனியன் தொழிலுக்கு வித்திட்டவர் குலாம் காதர் என்னும் முஸ்லிம் பெருமகனார் என்பதை நாம் அறிவோம். இப்பகுதி இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றுவோர். அம்மத்ஹபின் தலைவரும் ஜவுளி வணிகரே என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

நுஃமான் இப்னு தாபித் என்னும் இயற்பெயர் கொண்ட இமாமவர்கள் ஹிஜ்ரி 80இல் (கி.பி. 699) இராக்கின் கூஃபா நகரில் பிறந்தார்கள். 'கஸ்' என்னும் பட்டுத்துணி வாணிபம் செய்தார்கள். அறிஞர் ஷஅபீ தூண்டியதால் கல்வியில் இறங்கி, ஹம்மாத் அவர்களிடம் 18 ஆண்டுகள் பயின்றார்கள். ஆயினும் கடையைக் கைவிட்டாரல்லர்.

பழுதுள்ள ஆடையொன்றைக் குறை சொல்லி விற்குமாறு கூட்டாளி ஹஃப்ஸிடம் பணித்திருந்தார்கள். அவரோ மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரெனவும் தெரியவில்லை. விற்ற தொகை முழுவதையும் இமாம் தருமம் செய்துவிட்டார்கள் என்பர் வரலாற்றாசிரியர். 'செகண்ட்ஸ்' சரக்கு மலையெனக் குவியும் காதர்பேட்டையை அறிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுவதில்லை.

தம் குடும்பத்திற்குச் செலவிடுந்தோறும் அதே அளவு தொகையை ஏழைகட்கும் வழங்குவது அன்னாரின் வழக்கமாம். குடும்பத்தைப் பட்டினியிட்டுப் புகழுக்காக ஈந்தாரல்லர். மனைவிக்கு உணவு, உடை, உறைவிடம் அளித்தல் கணவனின் கடன். அவள் ஈட்டிய பொருள் அவளுக்கே உரியது என்பது ஹனஃபீ சட்டம். பனியன் கம்பெனியில் மனைவி வாங்கிவரும் சனிக்கிழமைச் சம்பளத்தைத் தன் உரிமையெனப் பறிக்கும் கணவன்மார் இதனைச் செவிமடுத்தல் நலம்!

அன்னாரின் மாணவருள் அபூ யூசுஃப் பரம ஏழை. வீட்டில் வறுமை, பிழைப்புக்கு வழி தேடுமாறு பெற்றோர் பாடத்திலிருந்து தடுத்தனர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கம்பெனிக்குச் செல்லும் நம் வட்டாரப் பிள்ளைகளின் நிலையே அது. மாணவர் வராமையை உணர்ந்த இமாம், காரணம் அறிந்து, 100 திர்ஹம் அடங்கிய பையை அளித்தார்கள். அது தீருமுன் அடுத்த பை வந்தது. அவர் ஒருமுறையும் கேட்க நேரவில்லை. ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்பெரியவும் ஒரு மாணவன் படிக்கவும் துணிக்கடை இலாபம் பயன்பட்டது.

கலீஃபா மன்சூர் அளிக்க முன்வந்த நீதிபதிப் பதவியை இமாம் மறுத்தார்கள், சிறைப்பட்டார்கள். ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பக்தாதில் மறைந்தார்கள். அபூ யூசுஃபோ பின்னாளில் ஹாரூன் ரஷீதின் தலைமை நீதிபதியாகி, அரசின் வரி வருவாய் குறித்துக் 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலை இயற்றினார்கள்.