டயருக்குள் காற்றை அடைத்த கால்நடை மருத்துவர்: யார் இந்த டன்லப்?

பெட்ரோல் பங்க்கில் காத்து அடிக்க வண்டியை நிறுத்துகிறோம். முப்பது போதுமா, முப்பத்தஞ்சு வைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் இன்ஜினியர் இல்லை, ஒரு மாட்டு டாக்டர்!

ஜான் பாய்டு டன்லப் 1840 பிப்ரவரி 5 அன்று ஸ்காட்லாந்தின் டிரெக்ஹார்ன் ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தார். 1867இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். 1880களின் நடுவில், பெல்ஃபாஸ்ட் நகரில் அவர் நடத்திய மருத்துவமனை அந்த நாட்டின் பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒன்று. மருத்துவத்துக்குத் தேவையான ரப்பர் சாதனங்களை அவரே செய்துகொள்வார். அந்தக் கைப்பழக்கம்தான் பின்னால் உதவியது.

கொல்லைப்புறத்தில் ஒரு சோதனை

அவருடைய மகன் ஜானிக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அன்றைய சைக்கிள் சக்கரங்களில் கெட்டி ரப்பர்தான். கல் பாவிய தெருவில் ஓட்டினால் உடம்பே ஆடிப்போகும்.

1887 அக்டோபரில் டன்லப் ஒரு மரத்தட்டை எடுத்தார். ரப்பர் ஷீட்டைக் குழாயாக ஒட்டி, காற்றடைத்து, அதன் விளிம்பில் பொருத்தினார். பிறகு அதையும் மகனின் சைக்கிள் சக்கரம் ஒன்றையும் வீட்டு முற்றத்தில் உருட்டிவிட்டார். சைக்கிள் சக்கரம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. காற்றுச் சக்கரமோ வாசல் தூணில் முட்டித் திரும்பி வந்தது.

அவர் தேடியது குலுங்காத சைக்கிளை. கிடைத்தது அதைவிடப் பெரிய விஷயம்: எடையைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே அடைபட்ட காற்று. ரப்பரும் துணியும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை, அவ்வளவுதான்.

இது புரியாமல் இன்றைக்கும் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டயர் வெடித்தால் வீடே கவிழலாம் என்ற பயத்தில், அதே அளவில் இன்னும் கனமான டயருக்கு மாறுவார்கள். ஆனால் காத்து மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். எஸ்டி 225/75ஆர்15 டயரில் 'சி' ரகம் 50 பிஎஸ்ஐ காற்றில் சுமார் 975 கிலோ தாங்கும். 'டி' ரகம் 65 பிஎஸ்ஐயில் 1,150 கிலோ, 'இ' ரகம் 80 பிஎஸ்ஐயில் 1,285 கிலோ. காசு கொடுத்து 'இ' ரகம் வாங்கி, அதில் 50 மட்டும் அடித்தால்? அதே 975தான். விலை கூடிய டயர் கூடுதல் காற்றைத் தாங்கும். அந்தக் காற்றை நாம்தான் அடைக்க வேண்டும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடவும் கூடாது. ரிம்முக்கும் ஒரு வரம்பு உண்டு. முழுச் சுமையோடு வண்டியை எடைபோட்டு, டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையைப் பார்த்து, டயர் சூடாகாமல் இருக்கும்போது காற்றடைப்பதே முறை. நம் கார்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தாலே போதும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண் உச்ச வரம்பு. அதையே அடித்துவிடாதீர்கள்.

கேலி, வெற்றி, அப்புறம் ஒரு இடி

டன்லப் 1888இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு மே மாதம் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் சைக்கிள் பந்தயம். தடித்த டயரோடு வந்த வில்லி ஹியூமைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் கலந்துகொண்ட நான்கு போட்டிகளிலும் ஜெயித்தார்! ஹியூமிடம் தோற்றவர்களில் தொழிலதிபர் ஹார்வி டு குரோவின் மகன்களும் உண்டு. வியாபாரம் எங்கே இருக்கிறது என்று அந்த அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் முன்னின்று டப்ளினில் கம்பெனி ஆரம்பித்தார். டன்லப் தன் காப்புரிமையைப் பங்குகளுக்கு ஈடாகக் கொடுத்தார்.

அப்புறம்தான் தெரிந்தது, காப்புரிமையே செல்லாது. இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845லேயே, 23 வயதில், காற்று டயருக்கு உரிமை வாங்கியிருந்தார். தாம்சன் குதிரை வண்டிக்காகச் செய்தார். அப்போது ரப்பர் விலை அதிகம், இன்றைய மாதிரி சைக்கிளும் கிடையாது. யாரும் வாங்கவில்லை, உலகமும் மறந்துபோனது. டன்லப் திருடவில்லை. தெரியாமல் மறுபடி கண்டுபிடித்தார், ஆனால் சரியான நேரத்தில்.

கம்பெனி பிழைத்தது, மற்றவர்களின் காப்புரிமைகளை வாங்கி. டன்லப்பின் முதல் டயர்கள் சக்கரத்தோடு ஒட்டியவை. பஞ்சர் ஆனால் பிரித்தெடுப்பதே பெரும்பாடு. கழற்றி மாட்டும் டயரைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். இன்றைக்கும் நம்ம ஊர் சைக்கிளில் இருக்கும் வால்டியூப் போட்ட வால்வுக்கு உலகில் பல இடங்களில் டன்லப் வால்வு என்றே பெயர். அதைச் செய்தவர் வுட்ஸ் என்பவர்!

1895இல் டன்லப் கம்பெனியை விட்டு விலகினார். மறு வருடமே அது 30 லட்சம் பவுண்டுக்குக் கைமாறி, பங்குச்சந்தையில் 50 லட்சத்துக்குப் போனது. அவருக்குப் பெரிய லாபம் எதுவும் வரவில்லை. அவர் பெயரும் தாடி வைத்த முகமும் மட்டும் கம்பெனியிடமே தங்கிவிட்டன. சென்னை அம்பத்தூர் தொழிற்சாலை வரை வந்து சேர்ந்தது அந்தப் பெயர்தான்.

விளம்பரங்களில் தன்னைப் பகட்டான உடை போட்ட மைனர் மாதிரி வரைந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. தன் பெயரையே தாங்கிய கம்பெனிமீது வழக்குப் போட்டார். அது பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போனது. 1921 அக்டோபர் 23 அன்று டப்ளினில், 81 வயதில் அவர் இறந்தார்.