தன் கேஸ் முடிந்த பிறகும் விடாத வக்கீல்

சேலம்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? மாம்பழம், ஸ்டீல் பிளான்ட், புது பஸ் ஸ்டாண்ட். சேந்தமங்கலத்தில் பிறந்து, நாலு வருஷமா ஊருக்கும் காலேஜுக்கும் பஸ்ஸில் அலையும் எனக்கே அவ்வளவுதான் தெரியும். ஆனா அந்த ஊர்ப் பெயரோடு ஒரு வக்கீலின் பெயரும் ஒரு காலத்தில் இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. அவர்தான் சேலம் சி. விஜயராகவாச்சாரியார்.

அவர் பிறந்தது சேலத்தில் இல்லை. செங்கல்பட்டு பக்கம் பொன்விளைந்த களத்தூரில், 1852 ஜூன் 18 அன்று பிறந்தார். சின்ன வயதில் படித்தது சமஸ்கிருதமும் வேதமும். ஆங்கிலப் படிப்பைத் தொடங்கியதே 12 வயதில்தான். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படித்தும் செமினார்னா வேர்க்கிற எனக்கு இதைப் படிச்சதும் கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் 1875-இல் பட்டம் வாங்கினார். பெங்களூர், மங்களூர் என்று வாத்தியார் வேலை பார்த்துவிட்டு, சேலம் முனிசிபல் கல்லூரிக்கு வந்தார். சட்ட வகுப்புக்கே போகாமல், தானே படித்து 1881-இல் வக்கீல் ஆனார். அடுத்த வருஷமே நகராட்சி உறுப்பினர்.

அதே 1882-இல் சேலத்தில் பெரிய கலவரம் வந்தது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே இருந்த தகராறு முற்றி, ஒரு மசூதி இடிக்கப்பட்டது. நம்ம சேந்தமங்கலம் இருந்த நாமக்கல் தாலுகாவும் அப்போ சேலம் ஜில்லாவில்தான். கைதானவர்கள் நிறைய பேர். கூட்டத்தைத் தூண்டிவிட்டார் என்று விஜயராகவாச்சாரியார் மீதும் வழக்கு போட்டார்கள். அப்போ அவருக்கு வயது 30. கோட்டு போட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. யோசிச்சுப் பாருங்க, வாதாட வேண்டிய ஆள் குற்றவாளிக் கூண்டில்!

அவர் பயந்து ஒதுங்கவில்லை. வழக்கை எதிர்த்துப் போராடி, குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். இந்த விவகாரத்தைக் காரணம் காட்டி அவரை நகராட்சிப் பதவியிலிருந்து அரசாங்கம் நீக்கியிருந்தது. அதையும் சும்மா விடவில்லை. இந்தியாவுக்கான அமைச்சர் மீதே, அதாவது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மீதே வழக்கு போட்டார். 1884-இல் சென்னை உயர்நீதிமன்றம் வரை போன அந்த வழக்கு சட்டத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பிடித்தது. கவர்னர் போட்ட உத்தரவையும் கோர்ட்டில் கேள்வி கேட்கலாம் என்பதை வெள்ளைக்காரன் ஆட்சியில் காட்டிய வழக்கு அது.

இதுவரைக்கும் தனக்காகப் போராடிய கதை. எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் நடந்தது. அதே கலவர வழக்கில் தண்டனை பெற்றுப் பலர் அந்தமானுக்குக் கப்பல் ஏற்றப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குச் சட்டமும் தெரியாது, கேட்க ஆளும் கிடையாது. விஜயராகவாச்சாரியார் வைசிராய் ரிப்பன் பிரபு வரைக்கும் முறையிட்டு, அவர்களின் விடுதலைக்கு வழி செய்தார். தென்னிந்தியாவின் சிங்கம் என்று ஊர் அவரைக் கூப்பிட்டது இதனால்தான்.

1895-இல் சென்னை சட்டசபைக்குப் போய் ஆறு வருஷம் இருந்தார். 1913-லிருந்து 1916 வரை டெல்லியில் இம்பீரியல் சட்டசபை. காங்கிரஸில் அது தொடங்கிய காலத்திலிருந்தே இருந்தவர், 1920 டிசம்பரில் நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைவரானார். அங்கேதான் ஒரு சிக்கல். வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணிக்கணும், மாணவர்கள் அரசுக் கல்லூரியை விட்டு வரணும் என்ற காந்தியின் ஒத்துழையாமைத் திட்டம் அந்த மாநாட்டில்தான் உறுதியானது. சேலத்தில் வக்கீலாகப் பேர் வாங்கிய ராஜாஜி தொழிலையே விட்டார். சட்டத்தாலேயே அரசாங்கத்தை மடக்கிய 68 வயது விஜயராகவாச்சாரியாருக்கு அந்தத் திட்டத்தில் முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் அது நிறைவேறிய சபைக்கு அவரே தலைவர். கருத்து வேறுபாட்டை மறைக்கவும் இல்லை, சபையை விட்டு எழுந்து போகவும் இல்லை.

பெண்களுக்குச் சொத்தில் பங்கு வேண்டும், குழந்தைத் திருமணம் கூடாது, தீண்டாமை ஒழிய வேண்டும் என்றும் பேசினார். சுதந்திரத்தைப் பார்க்காமலே 1944 ஏப்ரல் 19 அன்று, 91 வயதில் காலமானார். சேலத்தில் அவர் பெயரில் நினைவு நூலகம் இருக்கிறது.

போன வருஷம் ஒரு பேப்பரில் எனக்கும் என் நண்பனுக்கும் மார்க் குறைந்தது. ரீவேல்யூஷன் போட்டேன், பாஸ் ஆனேன். ஃபீஸ் கட்ட காசு இல்லாமல் அவன் போடவே இல்லை. ட்ரீட் வைத்தேனே தவிர, அவனுக்காக ஒரு லெட்டர் எழுதிக்கொடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. தன் கேஸ் ஜெயித்த பிறகும் அந்தமானில் இருந்தவர்களை நினைத்த அந்த 30 வயது வக்கீலைப் பற்றிப் படித்தபோதுதான் அது உறைத்தது. அடுத்த செமஸ்டர் ரிசல்ட் வரும்போது, முதலில் அவனுக்குத்தான் போன் பண்ணப் போறேன்.