ஸ்டீரியோவை 1931-லேயே கண்டுபிடித்தவர்... கடைக்கு வந்ததைப் பார்க்காமலே போனவர்! யார் இந்த ஆலன் ப்ளூம்லைன்?

தியேட்டரில் நெஞ்சையே அதிரவைத்த குண்டுவெடிப்பு, வீட்டு ஸ்டீரியோ ஸ்பீக்கரில் பொசுக்கென்று அடங்கிப் போவதைக் கவனித்திருப்பீர்கள். பாஸ் எங்கே போகிறது? அதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் இரண்டே ஸ்பீக்கரில் ஒலியை இடம், வலம் என்று பிரித்து உட்கார வைக்கலாம் என்று முதலில் எழுதிவைத்த ஆளை அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆலன் டவர் ப்ளூம்லைன் 1903 ஜூன் 29-ல் லண்டனில் பிறந்தார். 12 வயது வரை அவருக்குச் சரியாகப் படிக்கவே வராது என்று சொல்வதுண்டு. கணக்கு மட்டும் தண்ணீர் பட்ட பாடு! இன்ஜினியரிங் முடித்து டெலிபோன் துறையில் வேலை பார்த்தவர், 1929-ல் கொலம்பியா கிராஃபோபோன் கம்பெனிக்கு வந்தார். அங்கே வந்த முதல் வேலையே சிக்கலானது. ரெக்கார்டு பதிவு செய்யும் கருவிக்கு ஒரு அமெரிக்க கம்பெனிக்கு ராயல்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த காப்புரிமையில் மாட்டாத புதுக் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார் ப்ளூம்லைன். 1931-ல் கொலம்பியாவும் ஹெச்எம்வியும் இணைந்து இஎம்ஐ ஆனது.

அதே வருஷம்தான் அந்த சினிமா கதை. பின்னாளில் மனைவியான டோரீனுடன் படம் பார்க்கப் போயிருந்தார். திரையில் ஆள் ஒரு ஓரத்தில் நிற்கிறார், குரலோ வேறெங்கிருந்தோ வருகிறது. எல்லாமே ஒரே ஸ்பீக்கர். இதைச் சரிசெய்ய தன்னிடம் வழி இருக்கிறது என்று டோரீனிடம் சொன்னாராம். சும்மா பேச்சு இல்லை. 1931 டிசம்பர் 14-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். இரண்டு மைக் வைக்கும் முறை, ஒரே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரண்டு சேனலை வெட்டும் ரெக்கார்டு எல்லாம் அதிலேயே இருக்கின்றன.

நம்முடைய பாஸ் விஷயமும் அதில் வருகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அவ்வளவு நீள அலை, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு மைக்கிலும் ஒரே சத்தமாகத்தான் விழும். வந்து சேரும் நேரத்தில் மட்டும் துளி வித்தியாசம். ஸ்பீக்கரில் திசை தெரிய வேண்டுமென்றால் சத்தத்தில் வித்தியாசம் வேண்டும். இரண்டு சிக்னலையும் கூட்டி, கழித்து, அந்த நேர வித்தியாசத்தைச் சத்த வித்தியாசமாக மாற்றும் ஒரு சர்க்யூட்டை அவர் போட்டார். இன்றைக்கும் அதற்கு ப்ளூம்லைன் ஷஃப்ளர் என்றுதான் பெயர்.

சரி, வீட்டில் பாஸ் ஏன் காணாமல் போகிறது?

5.1 என்பதில் அந்த '.1' தனி பாஸ் சேனல். சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அதிரடிகளுக்கானது. படத்தை ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது பல பிளேயர்கள் இந்த சேனலை அப்படியே விட்டுவிடுகின்றன, சின்ன ஸ்பீக்கர் தாங்காது என்று. மற்ற சேனல்களில் உள்ள பாஸ் மட்டும் வரும். தனியாக சப்வூஃபர் வாங்கி ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் மாட்டினாலும், பிளேயரே விட்டுவிட்டதை அது கொண்டுவராது. ஏவி ரிசீவர் இருந்தால் சுருக்காத 5.1 ஒலியை அதற்கு அனுப்பி, முன் ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்றும் சப்வூஃபர் 'இல்லை' என்றும் வைத்தால், பெரும்பாலான ரிசீவர்கள் அந்த பாஸை முன் ஸ்பீக்கருக்கே திருப்பிவிடும். ஸ்பீக்கர் சின்னதாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள், கோன் கிழியும். அப்போது ரிசீவரிலேயே சப்வூஃபரை மாட்டுவதுதான் சரி.

மறுபடி 1934 ஜனவரி. அபே ரோடு ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் மொசார்ட்டின் ஜூபிடர் சிம்பொனியை நடத்த, ப்ளூம்லைன் அதை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். 1935-ல் ஹேய்ஸ் ரயில் நிலையத்தில் ரயில்கள் போய்வருவதைப் படம்பிடித்து, ஒலியும் ரயிலோடு நகர்வதைக் காட்டினார். அவ்வளவுதான். கம்பெனியின் கவனம் டிவி பக்கம் போய்விட்டது. 1936-ல் பிபிசி ஒளிபரப்பு தொடங்கியபோது பயன்பட்ட 405 வரி டிவி முறையிலும் அவர் கை இருந்தது.

போர் வந்ததும் ரேடார். மேகத்துக்கும் இருட்டுக்கும் கீழே உள்ள தரையை விமானத்திலிருந்தே காட்டும் ஹெச்2எஸ் கருவியை உருவாக்கிய குழுவில் சேர்ந்தார். 1942 ஜூன் 7-ல் அதைச் சோதிக்க ஹாலிஃபாக்ஸ் விமானத்தில் ஏறினார். எஞ்சினில் தீப்பிடித்து, வெல்ஷ் பிக்னர் அருகே விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 11 பேரும் இறந்தனர். சரியாக முடுக்காமல் விட்ட ஒரு சின்ன நட்டுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. 39 வயதாக இன்னும் மூன்று வாரம் இருந்தது. வீட்டில் டோரீனும் இரண்டு சின்ன மகன்களும். ரேடார் ரகசியம் எதிரிக்குத் தெரியக்கூடாதென்று விபத்துச் செய்தியையும் அரசு மறைத்தது. 128 காப்புரிமைகள் வைத்திருந்தவருக்கு அப்போது ஒரு இரங்கல் குறிப்புகூட வரவில்லை.

போரை முன்னிட்டு அவருடைய ஸ்டீரியோ காப்புரிமையை 1952 வரை நீட்டித்தார்கள். ஸ்டீரியோ ரெக்கார்டுகள் கடைகளில் பரவலாக வந்தது 1958-ல். பள்ளத்தின் இரு சுவரில் இரண்டு சேனல் என்ற அதே முறைதான். 2017-ல் டெக்னிக்கல் கிராமி விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.