டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895 – 1948)



விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுமாறு வினா வந்தால் உங்களிற் பலர் எடிசனையோ மேரி கியூரி அம்மையாரையோ தெரிவு செய்வீர்கள். அதில் தவறில்லை. எனினும் சென்னையில் மருத்துவம் கற்று, உலகெங்கும் நோயுற்ற குழந்தைகளுக்குப் பயன்படும் மருந்துகள் உருவாக வழிசெய்த ஒருவரையும் நீங்கள் அறிந்திருத்தல் நன்று. அவரே டாக்டர் சுப்பாராவ்.

1. இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் திகதி பீமாவரத்தில் பிறந்தார். இவ்வூர் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தந்தை ஜெகந்நாதம், தாய் வெங்கம்மா. தந்தை நோயினால் வேலையை இழந்ததால் குடும்பம் வறுமையில் வாடியது.

உங்கள் சாதாரண தரப் பரீட்சையைப் போன்றதே அன்றைய மெட்ரிகுலேஷன் பரீட்சை. சுப்பாராவ் அதில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே சித்தியடைந்தார். பின் நண்பர்களினதும், தன் மகளை அவருக்கு மணம் முடித்துக் கொடுத்தவரினதும் பண உதவியுடன் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனிலும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரச மருத்துவ சேவையிலும் இடம் கிடைக்காததால் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் கற்பித்தார்.

2. நோயும் இழப்பும்

அவருடைய சகோதரர் இருவர் அடுத்தடுத்து இறந்தனர். ஒருவரின் உயிரைப் பறித்தது ஸ்புரூ எனும் நோய். உண்ட உணவின் சத்தைக் குடல் உறிஞ்சாமையால் உடல் மெலிந்து குருதிச்சோகை ஏற்படுவதே இந்நோயின் தன்மை. சுப்பாராவும் இதனாற் பீடிக்கப்பட்டு உயிர் தப்பினார். இந்நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் வேரூன்றியது.

3. அமெரிக்காவில் ஆய்வு

1920களின் தொடக்கத்தில் மனைவியை ஊரில் விட்டு அமெரிக்கா சென்று ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் கற்றார். செலவுக்குப் பணமின்றி இரவில் மருத்துவமனை ஒன்றிற் சிற்றூழியம் செய்தார். பேராசிரியர் பிஸ்கேயுடன் இணைந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசைகள் இயங்கத் தேவையான பொசுபோகிரியேற்றினை 1927இலும், கலங்களின் சக்தி நாணயம் என நீங்கள் விஞ்ஞான பாடத்திற் கற்கும் ஏ.ரீ.பீ. மூலக்கூற்றினை 1929இலும் இருவரும் இனங்கண்டனர். அதே ஆண்டில் ஜேர்மனியில் லோமன் என்பவரும் ஏ.ரீ.பீ.யைக் கண்டறிந்தார். 1930இல் சுப்பாராவ் கலாநிதிப் பட்டம் பெற்றார். எனினும் ஹாவார்ட்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் ஆய்வுப் பொறுப்பை ஏற்றார்.

4. போலிக் அமிலம்

பம்பாயில் கர்ப்பிணித் தாய்மாரின் குருதிச்சோகையை மதுவச் சாற்றினால் குணப்படுத்த முடியும் என்பதை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1931இல் எழுதினார். அச்சாற்றில் இருந்த சத்தே பின்னர் போலிக் அமிலம் எனப்பட்டது. இதனைச் சுப்பாராவின் குழுவினர் 1945இல் செயற்கையாகத் தயாரித்தனர். அது ஸ்புரூ நோயாளரையும் குணப்படுத்தியது. சகோதரனைக் கொன்ற நோய்க்கு மருந்து கிடைத்தது. இன்று நமது தோட்டத்துத் தாய்மாருக்குக் கிளினிக்கில் வழங்கப்படும் போலிக் அமில மாத்திரைக்குப் பின்னால் இவ்வரலாறு உண்டு.

5. குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்

போலிக் அமிலம் குருதிக் கலங்கள் பெருக உதவுகின்றது. குருதிப் புற்றுநோயிலோ வெண்குருதிக் கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. பொஸ்டன் நகரின் சிறுவர் மருத்துவமனையில் டாக்டர் சிட்னி பாபர் இக்குழந்தைகளுக்குப் போலிக் அமிலச் சேர்வைகளைக் கொடுத்தபோது நோய் மேலும் விரைந்ததாகக் கண்டார். அப்படியானால் அதன் எதிரியைக் கொடுத்தால் என்ன என்று சிந்தித்தார். சுப்பாராவின் குழுவினர் போலிக் அமிலத்தைப் போலத் தோன்றி அதன் தொழிலைத் தடுக்கும் அமினொப்தெரின் என்ற மருந்தைத் தயாரித்து அளித்தனர். 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்ததாக 1948 ஜூனில் அறிக்கை வெளிவந்தது. நோய் மீண்டும் வந்தது உண்மையே. ஆயினும் இந்நோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்பது அன்றுதான் உறுதியாயிற்று. இதே குழு தயாரித்த மெதொட்ரெக்ஸேட் என்ற மருந்து இன்றும் இந்நோய்க்குப் பயன்படுகின்றது.

6. மூலக்கல மாற்றுச் சிகிச்சை

குருதிக் கலங்கள் யாவும் என்பு மச்சையிலுள்ள மூலக்கலங்களிலிருந்து தோன்றுகின்றன. பிறப்பிலேயே நிர்ப்பீடனம் குறைந்த ஆண் குழந்தை ஒன்றுக்கு 1968இல் அமெரிக்காவில் டாக்டர் ரொபர்ட் குட் குழுவினர் அதன் சகோதரியின் மச்சையைச் செலுத்திக் குணப்படுத்தினர். தலசீமியா, குருதிப் புற்றுநோய் என்பவற்றுக்கும் இம்முறை பின்னர் பயன்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் இச்சிகிச்சை ஆரம்பமானது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. வழங்கியவரின் கலங்கள் குழந்தையின் உடலை அந்நியமாகக் கருதித் தாக்கக்கூடும். இழையம் பொருந்தும் சகோதரர் கிடைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு சகோதரரிலும் நான்கில் ஒன்றே. பொருந்தினாலும் தாக்கம் ஏற்படலாம். இதைத் தடுக்க, மாற்றுச் சிகிச்சையின் பின் சில நாட்கள் சிறிய அளவில் வழங்கப்படும் மருந்துகளுள் ஒன்று மெதொட்ரெக்ஸேட். இம்முறையை வளர்த்த டாக்டர் டொனல் தோமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார்.

7. இறுதிக் காலம்

யானைக்கால் நோய்க்கான ஹெட்ராசான் மருந்தும் (1947) சுப்பாராவின் வழிகாட்டலில் உருவானதே. அந்நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிக்கப்பட்டதை உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் உறுதிப்படுத்தியது.

பாபரின் அறிக்கை வெளிவந்து இரு மாதங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் உறக்கத்திலேயே காலமானார். வயது 53. அவர் தாயகம் திரும்பவில்லை. அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. மச்சை மாற்றுச் சிகிச்சை வெற்றி பெற்றதை அவர் காணவில்லை.

மாணவர்களே, இருமுறை பரீட்சையில் தவறிய ஒருவரின் உழைப்பு, அவர் முகமறியாத குழந்தைகளை இன்றும் காக்கின்றது. முதல் முறை பெறுபேறு குறைந்தால் மனமுடையும் நண்பருக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள்.

நினைவிற் கொள்க

1895 – பிறப்பு
1929 – ஏ.ரீ.பீ.
1940 – லெடர்லி நிறுவனம்
1945 – போலிக் அமிலம்
1948 – பாபரின் அறிக்கை, மறைவு

பயிற்சி

1. ஸ்புரூ நோய்க்கும் போலிக் அமிலத்துக்கும் உள்ள தொடர்பு யாது?
2. அமினொப்தெரின் குருதிப் புற்றுநோயைத் தணிப்பது எவ்வாறு?
3. மூலக்கல மாற்றுச் சிகிச்சையில் மெதொட்ரெக்ஸேட்டின் பயன் யாது?
4. "தோல்வி முடிவல்ல" என்ற தலைப்பில் சுப்பாராவின் வாழ்வை ஆதாரமாகக் கொண்டு 200 சொற்களில் கட்டுரை எழுதுக.