சிரிப்பே சாட்சியான கதை

பொருளியலில் 'குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று ஒன்று உண்டு. பசித்தவருக்கு முதல் இட்லி தரும் நிறைவை ஐந்தாவது இட்லி தருவதில்லை என்பதே அதன் சாரம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதைக் கல்லூரியில் கற்பித்திருக்கிறேன். பாடம் நடத்தும்போது, வகுப்பில் பருமனான மாணவர் ஒருவரைச் சுட்டிக்காட்டி, இந்த விதி இவருக்கு மட்டும் பொருந்தாது என்பேன். வகுப்பு சிரிக்கும், அந்த மாணவரும் சிரிப்பார். அவரும் சிரித்ததால் அதில் தவறேதும் இல்லை என்றே எண்ணியிருந்தேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய மௌனப் படங்களைப் பார்க்கத் தொடங்கினேன். அவற்றின் வழியாக அறிமுகமானவர்தான் அமெரிக்க நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள். அவருடைய வாழ்க்கையைப் படித்தபோது, என் வகுப்பறைச் சிரிப்பு முதன்முதலாக என்னை உறுத்தியது.

1887-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஆர்பக்கிள் பிறந்தார். பிறக்கும்போதே வழக்கத்தை மீறிய எடை. மெலிந்த உடல்வாகு கொண்ட தந்தை, இது தன் பிள்ளைதானா என்று ஐயுற்றதாகவும், தாம் வெறுத்த ஓர் அரசியல்வாதியின் பெயரையே மகனுக்குச் சூட்டியதாகவும் வாழ்க்கை வரலாற்றாளர்கள் குறிப்பிடுகின்றனர். ஏளனம் அவருக்குத் தொட்டிலிலேயே தொடங்கிவிட்டது. சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை கைவிட்டார். விடுதியொன்றில் சில்லறை வேலைகள் செய்து வயிற்றைக் கழுவிய சிறுவனுக்கு, இனிய குரல் மேடையைக் காட்டியது.

1913-இல் கீஸ்டோன் திரைப்பட நிறுவனத்தில் சேர்ந்தார். அவ்வளவு பெரிய உடலோடு குட்டிக்கரணம் அடிப்பார், நளினமாக நடனமாடுவார், பறந்து வரும் பொருளைத் துல்லியமாகப் பிடிப்பார். நடித்ததோடு தம் படங்கள் பலவற்றைத் தாமே இயக்கவும் செய்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பஸ்டர் கீட்டனை 1917-இல் திரைக்கு அழைத்து வந்தவரும் அவரே.

ஆயினும் சுவரொட்டிகளில் அவர் பெயர் 'ஃபாட்டி'. நம் ஊரில் ஒருவரைக் 'குண்டா' என்று விளிப்பதற்கு நிகரானது அது. அந்தப் பெயரை அவர் விரும்பவில்லை. திரைக்கு வெளியே தம்மை ராஸ்கோ என்று அழைக்கவே வலியுறுத்தினார். கதவிடுக்கிலோ நாற்காலியிலோ உடல் சிக்கிக்கொள்வது போன்ற மலிவான காட்சிகளில் நடிக்கவும் மறுத்தார். தம் திறமைக்காகச் சிரிக்கட்டும், எடைக்காக வேண்டாம் என்பது அவர் நிலைப்பாடு. சந்தைக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல. விற்பனைக்கு உகந்த முத்திரை அந்தப் பட்டப்பெயர்தான். 1921-இல் அவருடைய ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 10 லட்சம் டாலர். அன்றைய ஹாலிவுட்டில் மிக அதிக ஊதியம் பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர விடுதியொன்றில் அவர் தங்கியிருந்த அறைகளில் ஒரு விருந்து நடந்தது. அதில் கலந்துகொண்ட நடிகை வர்ஜீனியா ராப் உடல்நலம் குன்றி, நான்கு நாள்களுக்குப் பின் இறந்தார். சிறுநீர்ப்பை கிழிந்து வயிற்றுக்குள் ஏற்பட்ட தொற்றே காரணம். ஆர்பக்கிள் கைதானார்.

அதன்பின் நாளேடுகள் எழுதியவை வெட்கக்கேடானவை. அவருடைய உடல் எடையே கொலைக் கருவியாகச் சித்தரிக்கப்பட்டது. அந்த எடையின் கீழ் ஒரு பெண் நசுங்கினார் என்ற கற்பனை ஊரெங்கும் பரவியது. நேற்று வரை திரையரங்குகளைச் சிரிப்பால் நிறைத்த அதே உடல், இன்று அருவருப்பின் சின்னமாயிற்று. விசாரணை தொடங்கும் முன்பே திரையரங்குகள் அவருடைய படங்களை நிறுத்தின. மாண்டுபோன பெண்ணையும் எவரும் விட்டுவைக்கவில்லை. அவருடைய ஒழுக்கமும் பொதுவெளியில் கிழித்தெறியப்பட்டது.

மனித உயிரிழப்புக்குக் காரணமானதாக அவர் மீது மூன்று முறை விசாரணை நடந்தது. முதல் விசாரணையில் அவர் சாட்சிக்கூண்டில் ஏறிப் பேசினார். 12 ஜூரிகளில் 10 பேர் விடுதலைக்கு ஆதரவு. ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. வெற்றி உறுதி என்று நம்பிய வழக்குரைஞர்கள், இரண்டாம் விசாரணையில் அவரைப் பேச வைக்கவில்லை. இம்முறை பெரும்பான்மையோர் அவரைக் குற்றவாளி என்றனர். அப்போதும் ஒருமித்த முடிவில்லை. மூன்றாம் விசாரணையில் மீண்டும் பேசினார். 1922 ஏப்ரல் 12 அன்று ஜூரிகள் சில நிமிடங்களிலேயே அவரை விடுவித்தனர். குற்றத்தோடு அவரைப் பிணைக்கும் ஆதாரம் சிறிதும் இல்லை என்றும், அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டது என்றும் எழுத்து மூலம் வருத்தமும் தெரிவித்தனர்.

இந்த முடிவுகளின் வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். எனினும் ஒன்று என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. அவர் பேசியபோது ஜூரிகள் ஒரு மனிதரைக் கண்டனர். பேசாதிருந்தபோது ஓர் உடலை மட்டுமே கண்டனரோ?

விடுதலையாகி ஆறே நாள்களில், திரைத்துறையின் ஒழுங்கைக் காக்க அமர்த்தப்பட்டிருந்த வில் ஹேஸ் அவருடைய படங்களுக்குத் தடை விதித்தார். அந்த ஆண்டின் இறுதியில் தடை நீங்கியது, புறக்கணிப்பு நீங்கவில்லை. தம் தந்தையின் பெயரான வில்லியம் குட்ரிச் என்பதைப் புனைபெயராக்கிக் கொண்டு, கேமராவுக்குப் பின்னால் நின்று பிறரை இயக்கிப் பிழைத்தார். எந்தத் தந்தை தம்மை மகனென ஏற்கத் தயங்கினாரோ, அவருடைய பெயருக்குள்ளேயே அவர் ஒளிந்துகொள்ள நேர்ந்தது. ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பிறகு குறும்படங்களில் மீண்டும் முகம் காட்டினார். அவை வரவேற்பையும் பெற்றன. ஆனால், 1933 ஜூன் 29 அன்று நியூயார்க்கில் உறக்கத்திலேயே மாரடைப்பால் மறைந்தார். வயது 46.

ஏளனம் தீங்கற்றது என்று நாம் நம்புகிறோம். ஒருவரை எடையாக மட்டுமே பார்க்கப் பழகிய கண்கள், அவருடைய திறமையையும் துயரத்தையும் காணத் தவறிவிடுகின்றன. பிறகு அவரைப் பற்றி எந்தப் பழியையும் ஆராயாமல் நம்புவது எளிதாகிவிடுகிறது. ஆர்பக்கிளைத் தூற்றிய கூட்டம் புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. 'ஃபாட்டி' என்று கூவிச் சிரித்த அதே கூட்டம்தான் அது. பருமனானவர் என்றாலே சோம்பேறி, பெருந்தீனிக்காரர், கட்டுப்பாடற்றவர் என்று நேர்காணல்களிலும் மண உறவுப் பேச்சுகளிலும் நாம் எழுதாமலேயே வழங்கும் தீர்ப்புகளுக்கும் வேர் அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது.

என் மாணவர்களுள் ஒருவர் முதலாம் ஆண்டில் முன்வரிசையில் அமர்ந்து ஆர்வத்துடன் வினா எழுப்புபவர். நான் அந்த இட்லி உதாரணத்தைச் சொன்ன நாளிலும் சிரித்தார். அடுத்த வாரம் கடைசி வரிசைக்கு மாறியவர், படிப்பு முடியும் வரை அங்கேயே இருந்தார். ஒரு வினாவும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்க எனக்கும் அப்போது தோன்றவில்லை.