பாப்பரசரின் தூதர் ரொங்கால்லி



திருத்தந்தை 23ஆம் அருளப்பர் என்றதும் இரண்டாம் வத்திக்கான் சங்கமே நம் நினைவுக்கு வரும். அவர் பாப்பரசராக இருந்தது ஐந்தாண்டுக்கும் குறைவே. அதற்கு முன் ஏறத்தாழ 28 ஆண்டுகள் திருப்பீடத்தின் தூதராக அந்நிய நாடுகளில் உழைத்தார் என்பதைப் பலர் அறியார்.

1881ல் வட இத்தாலியில் சோத்தோ இல் மோந்தே என்னும் சிற்றூரில், பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத ஏழைக் குடும்பத்தில் ஆஞ்ஜெலோ ரொங்கால்லி பிறந்தார். 1904ல் குருப்பட்டம் பெற்றார். 1925ல் பேராயராக்கப்பட்டுப் பல்கேரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே மக்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் சபையினர். கத்தோலிக்கரோ மிகச் சிலர். சிதறிக் கிடந்த அவர்களைத் தேடிச் சென்று சந்தித்தார். 1928ல் பூகம்பம் வந்தபோது, எந்தச் சபையினர் என்று பாராமல் உதவினார். ஆனால் உரோமைக்கு அவர் அனுப்பிய பரிந்துரைகள் பல கவனிப்பாரற்றுக் கிடந்தன. அந்த வேதனையைத் தம் ஆன்மீக நாட்குறிப்பில் எழுதி வைத்தாரே தவிர, பணியை விட்டு விலகவில்லை.

1935ல் துருக்கிக்கும் கிரேக்க நாட்டுக்கும் மாற்றப்பட்டார். துருக்கி அரசு அவரைத் தூதராக அங்கீகரிக்கவில்லை. குருக்கள் அங்கி அணிந்து வெளியே செல்வதையும் அது தடை செய்தது. அவர் முணுமுணுக்காமல் சாதாரண உடை அணிந்தார். ஆலயத்தில் சில செபங்களைத் துருக்கி மொழியிலேயே சொல்லச் செய்தார். போர்க்காலத்தில் கிரேக்க மக்கள் பட்டினியால் மடிந்தபோது உணவு கிடைக்க முயன்றார். நாசிகளிடமிருந்து தப்பிய யூதர்களுக்குப் பயணத்தாள்கள் போய்ச் சேர உதவினார். அவர்களுக்காகப் பல்கேரிய மன்னர் போரிசுக்கும் எழுதினார்.

1944 டிசம்பரில் பாரிசுக்குத் தூதரானார். நாசிகளுக்குப் பணிந்த விஷி அரசை ஆதரித்தார்கள் என்று இருபதுக்கும் மேற்பட்ட ஆயர்களை நீக்கும்படி புதிய அரசு கேட்டது. அவர் வாதாடவுமில்லை, வளைந்து கொடுக்கவுமில்லை. பொறுமையோடு ஒவ்வொருவருடைய காரியத்தையும் விசாரித்தார். முடிவில் விலகியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. போர்க்கைதிகளாயிருந்த ஜெர்மானியக் குருமாணவர்களையும் சார்த்தர் நகரருகே முகாமில் சென்று கண்டார்.

1953ல் கர்தினாலாகி வெனிஸ் நகரின் பிதாப்பிதாவானார், 1958ல் பாப்பரசரானார். 1962ல் கியூபா நெருக்கடியில் உலகம் அணுப்போரின் விளிம்பில் நின்றபோது, இரு தரப்பாரும் பேசித் தீர்க்குமாறு வானொலி வழியே மன்றாடினார். 1963ல் உலக சமாதானம் பற்றிய தம் சுற்றுமடலை, கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி நல்மனதுள்ள அனைவருக்கும் எழுதினார். அவ்வாண்டு ஜூன் 3ல் இறந்தார். 2014ல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

எவரும் கவனியாத இடங்களில் கழிந்த இருபது ஆண்டுகள் வீணாகவில்லை. பிற சபையாரோடும் பிற சமயத்தாரோடும் அண்டை வீட்டாராக வாழ அவர் கற்றது அங்கேதான். நமக்குக் கிடைத்த சிறிய பொறுப்பையும் நாம் அவ்வாறே ஏற்போமாக.